பலராமன் ஸ்டாப்பில் இறங்குகிறவள்

வேறு எங்காவது நின்று பஸ் ஏறியிருந்தால் இந்த நாள் இவ்வளவு மோசமாக ஆரம்பித்திருக்காது என்று தமயந்திக்குத் தோன்றியது. ஆனால் மேல்செங்காட்டில் பஸ் நிற்பது ஒரே இடத்தில்தான், அந்த இடத்தில் ஒரு நிழற்குடை இருக்கிறது, அதன் நெற்றியில் அவள் வீட்டுக்காரருடைய அண்ணன் பெயர் இருக்கிறது. வீரர் பலராமன் நினைவு நிழற்குடை. பச்சை எழுத்து, வருஷா வருஷம் ஆகஸ்டு மாதம் புதிதாகப் பூசுகிற பச்சை. கண்டக்டர்களுக்கு அவ்வளவு நீளமாகச் சொல்லப் பொறுமை ஏது, “பலராமன் எல்லாம் எறங்கு” என்பார்கள், அவளும் எல்லாரோடும் சேர்ந்து இறங்குவாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்மசிஸ்ட் வேலை, காலையில் பலராமனில் ஏறி, சாயந்திரம் பலராமனில் இறங்கி, ஏழு வருஷம். நடுவில் மழை வந்தால் பலராமனுக்கு அடியில்தான் ஒதுங்க வேண்டும். இரண்டு தடவை மழையில் நனைந்தே வீட்டுக்குப் போயிருக்கிறாள், நிழற்குடை காலியாக இருந்தும். உள்ளே இருந்த இந்த எரிச்சலுக்கு வேறு நல்ல பேராக வைத்துக் கூப்பிடலாம் என்று அவளும் முயன்று பார்த்தாள். வருத்தம் என்று வைத்துப் பார்த்தாள், ஆதங்கம் என்று வைத்துப் பார்த்தாள், எதுவும் ஒட்டவில்லை. பொறாமைதான். ஓரகத்தி செண்பகத்தின் மேல், செண்பகத்தின் வெறும் நெற்றியின் மேல்கூட, பச்சைப் பொறாமை. ஒருத்தி தாலி அறுத்ததைப் பார்த்து இன்னொரு தாலியறுத்தவள் வயிறு எரிவாளா என்று யாராவது கேட்டால், எரிவாள், இதோ வேலூரில் ஆடிட்டர் ஆபீஸ் முன்னறையில் மடியில் கைப்பையோடு உட்கார்ந்திருக்கிறாளே, இவள் எரிவாள்.

கைப்பைக்குள் வருமான வரி நோட்டீஸ் இருந்தது. மாத்திரை அட்டையில் எறும்பு மாதிரி இருக்கிற எழுத்தையெல்லாம் படித்து, காலாவதி தேதி பார்த்து, காலை ஒன்று இரவு ஒன்று என்று சனங்களுக்குச் சொல்லி அனுப்புகிறவளுக்கு இந்த ஒரு காகிதம் பிடிபடவில்லை. ஸ்க்ரூட்டினி என்ற வார்த்தை மட்டும் புரிந்தது, அதுவும் அது நல்ல வார்த்தை இல்லை என்கிற அளவுக்கு. ஆடிட்டர் மெஹருன்னிசா அரை மணி நேரத்துக்கு முன்னால் உள்ளே உட்கார வைத்து விளக்கினாள். வயசு முப்பதைத் தாண்டாது, பேச்சில் தயவும் உண்டு, அவசரமும் உண்டு. “பயப்படாதீங்க மேடம், உங்க மேல யாரும் மொட்டைக் கடுதாசி போடல. பென்ஷன் இவ்வளவு கொடுத்தோம்னு பேங்க் சொல்லுது, அதுக்கு வரியே இல்லைன்னு நீங்க சொல்லியிருக்கீங்க. அதான் எடுத்திருக்காங்க. பாக்கற ஆபீசர் எந்த ஊர்ல இருக்கார்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எல்லாம் கம்ப்யூட்டர் வழியா. நாம எழுதறதை வச்சுத்தான் முடிவு பண்ணுவாங்க.” பிறகு தாளைத் திருப்பி ஒரு வரியின் மேல் பேனாவை வைத்தாள். “இந்த விலக்கு பட்டாளத்துல இருந்து, டியூட்டியில, அதுவும் சண்டை மாதிரி ஆபத்தான ஆபரேஷன்ல இறந்தவங்க குடும்பத்துக்கு. அவங்களுக்கு வர்ற குடும்ப பென்ஷனுக்கு வரி கிடையாது. உங்க வீட்டுக்காரர் மிலிட்டரி கேம்ப்ல வேலை பாத்தார், சரி. ஆனா சிவிலியன். சிவிலியன் பென்ஷனுக்கு வரி உண்டு.” சிவிலியன் என்பதை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். கசப்பு மருந்தைச் சாதாரணமாகத்தான் கொடுக்கிறார்கள். “இன்னைக்குள்ள பதில் போட்டாகணும். சங்கத்துக்காரங்க இலவசமா வரிக் கணக்கு ஃபைல் பண்ணும்போது தெரியாம நடந்த தப்பு, வரியையும் வட்டியையும் கட்டிடறேன்னு எழுதிடலாம். முன்னாடி ரெண்டு வருஷத்தையும் நாமளே சொல்லிடறது நல்லது. தெரியாம நடந்ததுன்னா பெரிசா அபராதம் வராது, வந்தாலும் வரியில பாதி. தெரிஞ்சே பொய் சொன்னீங்கன்னு ஆச்சுன்னா ரெண்டு மடங்கு.” டிராஃப்ட் அடிக்கிறேன், வெளியே உட்காருங்கள் என்றாள். தமயந்தி எழுந்தபோது, எழுதப் போகிற முதல் வரியையும் தமிழில் சொல்லிக் காட்டினாள். என் கணவர் ஆயுதப் படையைச் சேர்ந்தவர் அல்ல, அவர் இறந்தது போர்ப் பணியிலும் அல்ல. அதற்குக் கீழே தமயந்தி கையெழுத்துப் போட வேண்டும்.

பணம் போனால் போகிறது. சம்பளம் வருகிறது, பென்ஷன் வருகிறது, பிள்ளை குட்டி என்று ஒன்றும் தங்கவில்லை, கட்டிவிடலாம். எழுதப் போகிற அந்த முதல் வரிக்குக் கீழே கையெழுத்துப் போடத்தான் மனசு வரவில்லை. மூன்று வருஷமாக எங்கேயோ ஒரு ஊரில், கண்ணால் பார்க்காத ஒரு சர்க்கார் கம்ப்யூட்டரில், அவள் வீட்டுக்காரர் கோபிநாதன் சண்டையில் இறந்தவராக இருந்தார். உலகத்தில் வேறு எங்கேயும் இல்லை, அங்கே மட்டும் இருந்தார். இப்போது அவளே தன் கையால் அவரை அங்கிருந்து இறக்கிவிட வேண்டும். அல்ல, அல்ல என்று இரண்டு தடவை எழுதி இறக்கிவிட வேண்டும். எதிரே இருந்த பெரியவர் அவள் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, தானாகவே பேச்சுக் கொடுத்தார். நிமிர்ந்த முதுகு, காதில் மெஷின், பார்த்தாலே மாஜி பட்டாளம். “நோட்டீஸா? எனக்கும்தான்மா. காதுல குண்டுச் சத்தம் பட்டு டிசெபிலிட்டி பென்ஷன் வாங்கறேன். என் தோஸ்த்து ஒருத்தன், அவனுக்குக் கால் போச்சி. காலுக்கு வரி இல்லியாம், காதுக்கு உண்டாம்.” சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு குரலைத் தாழ்த்தினார், காது கேட்காதவர்கள் தாழ்த்துகிற குரல், தெருவுக்கே கேட்டது. “நெசம் அது இல்ல. அவன அடிபட்டதும் பாதி சர்வீஸ்ல வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அவனுக்கு விலக்கு. நான் காது போயும் கடைசி நாள் வரைக்கும் இருந்து ரிடையர் ஆனேன். அதனால கட்டுன்றாங்க. இருந்ததுக்குத் தண்டனை, பாரு.” அவருக்கும் அவர் தோஸ்தின் மேல் எரிகிறது என்று தமயந்திக்குத் தெரிந்தது, தெரிந்ததும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது, ஆறுதலான உடனே கோபமும் வந்தது. இவருக்கென்ன, எரிகிறதைச் சத்தமாகச் சொல்லலாம். காதையும் காலையும் ஒப்பிடலாம். அவள் எதை எதோடு ஒப்பிடுவது? சாவையும் சாவையுமா? “ஒங்க வூட்டுக்காரர் எந்த ரெஜிமெண்ட்டு?” என்றார் அவர். தமயந்தி கைப்பையின் ஜிப்பை இழுத்துத் திறந்து மறுபடியும் மூடினாள். “இப்ப கூப்பிடுவாங்க,” என்றாள். அது பதில் இல்லை என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது.

இதே மாதிரி ஒரு கேள்வியைத்தான் முதல் வருஷம் சங்கத்துக் கேம்ப்பிலும் கேட்டார்கள். வருஷா வருஷம் ஜூலை மாதம் மாஜி ராணுவத்தினர் சங்கம் கல்யாண மண்டபத்தில் ஒரு கேம்ப் போடும், ஊரில் முக்கால்வாசி வீடு பட்டாள வீடு, எல்லாரும் ஃபாரம் பதினாறோடும் பென்ஷன் சீட்டோடும் வந்து வரிசையில் நிற்பார்கள், சங்கத்துக்காரர்கள் இலவசமாகக் கணக்கு ஃபைல் பண்ணிக் கொடுப்பார்கள், டீயும் பிஸ்கட்டும் உண்டு. அவளை அழைத்துப் போனது செண்பகம். “நீ எதுக்குடி வெளியில காசு குடுக்கற, எங்கூட வா” என்று. எல்லாவற்றிலும் அக்காவோடுதான் போக வேண்டியிருந்தது. அக்காவின் கேன்டீன் கார்டில்தான் வீட்டுக்கு மிக்ஸி வந்தது, அக்காவின் பாஸில்தான் மாமியார் மிலிட்டரி ஆஸ்பத்திரியில் கண் ஆபரேஷன் செய்துகொண்டாள். மண்டபத்தில் செண்பகத்தைப் பார்த்ததும் நாலு பேர் எழுந்தார்கள். முன்வரிசையில் நாற்காலி போட்டார்கள். அவளுக்கு எழுந்தவர்கள் கூட வந்த தமயந்திக்கும் சேர்த்து எழுந்த மாதிரி ஆயிற்று, அந்த இரண்டு நிமிஷம் அவளுக்கு இனித்தது, பொய் சொல்வானேன். மேஜையில் இருந்தவர் ரிடையர்ட் சுபேதார் கன்னியப்பன், மூக்குக் கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் போட்டிருப்பார். அவளுடைய பென்ஷன் சீட்டைப் பார்த்தார், அதன் தலையில் பாதுகாப்புத் துறை என்று இருந்தது, சிவிலியன்களின் சீட்டிலும் அப்படித்தான் இருக்கும், ஆனால் அந்த மண்டபத்துக்கு சிவிலியன் விதவை என்று ஒருத்தி அதுவரை வந்ததே இல்லை. “ஆபரேஷன்ல போனவரா?” என்று கேட்டார். தலையை நிமிர்த்தவில்லை. பேனா தயாராக இருந்தது. அவள் வாயைத் திறக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் எத்தனையோ சொல்லியிருக்கலாம். இல்ல மாமா, அவர் ஜெனரேட்டர் மெக்கானிக். இல்ல மாமா, பனி சரிஞ்சி. இல்லையென்று ஒரு தலையாட்டல் போதும், பேனா அடுத்த கட்டத்துக்குப் போயிருக்கும். அவள் “ஆமா” என்றாள். வாய் தவறி வந்தது என்று அப்புறம் எத்தனையோ ராத்திரி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், வாய் ஒன்றும் தவறவில்லை. வாய் சரியாகத்தான் இருந்தது. கன்னியப்பன் அப்போதுதான் நிமிர்ந்தார், எழுந்து நின்றார், கூன் விழுந்த மனுஷன் முதுகை நிமிர்த்திக்கொண்டு அவளுக்கு, தமயந்திக்கு, ஒரு சல்யூட் வைத்தார். அது யாருக்கும் தெரியாது. செண்பகம் மண்டபத்தின் அந்தக் கோடியில் டீ வாங்கிக்கொண்டிருந்தாள். அடுத்த வருஷம் அவர் கேட்கவே இல்லை, போன வருஷத்ததையே பார்த்துப் போட்டார். அதற்கடுத்த வருஷமும் அப்படியே.

சல்யூட். அந்தக் கையை நினைத்தால் இன்னமும் உடம்பு சிலிர்க்கிறது, கூடவே குமட்டுகிறது, இரண்டும் ஒன்றாக வருவதுதான் தொல்லை. கோபிநாதனுக்கு யாரும் வைக்கவில்லை. அவர் மலை உச்சியில் இருக்கிற முகாமுக்கு விளக்கு எரிய வைத்தவர். கீழே பெரிய கேம்ப்பில் வேலை, மேலே போஸ்டில் ஜெனரேட்டர் நின்றுவிட்டது, பட்டாளத்துப் பையன்கள் இருட்டில் விறைத்துப்போய்க் கிடக்கிறார்கள் என்று வயர்லெஸ்ஸில் சொன்னார்கள், அவர் ஸ்பானர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு லாரியில் ஏறினார். போவது அவர் முறைகூட இல்லையாம், வேறொருத்தனுக்குக் காய்ச்சல். லாரியில் நாலு சிப்பாய்களும் அவரும். பனி மொத்தமாகச் சரிந்து மூடியது. ஒரே லாரி, ஒரே பனி, ஒரே பள்ளம், ஐந்து பேரையும் ஒரே நாளில்தான் தோண்டி எடுத்தார்கள். நாலு பெட்டி மேல் கொடி வந்தது, ஐந்தாவது பெட்டி மேல் வரவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். அவள் டெல்லி நியூஸில் பார்த்தாள், நான்கு பெட்டிகளை வரிசையாக வைத்து மாலை போட்டார்கள், கேமரா நகர்ந்துகொண்டே வந்து நான்காவதோடு நின்றது. இன்னும் கொஞ்சம் நகர்ந்திருந்தால் என்ன? பக்கத்தில்தானே இருந்திருக்கும்? இல்லை, பக்கத்தில் வைத்திருக்க மாட்டார்கள், வேறு அறையில் வைத்திருப்பார்கள். ஏழு வருஷமாக அந்தக் கேமராவை அவள் மனசுக்குள் இன்னும் இரண்டடி நகர்த்திப் பார்க்கிறாள். கேம்ப்பின் மேஜர் நல்லவிதமாகத்தான் லெட்டர் எழுதினார், பணமும் தாமதமில்லாமல் வந்தது, யாரையும் குறை சொல்ல வழியில்லை, அதுதான் பெரிய கஷ்டம். யாராவது தப்புப் பண்ணியிருந்தால் அவர்கள் மேல் எரியலாம். எல்லாரும் சட்டப்படி நடந்திருக்கிறார்கள், எரிவதற்கு ஆள் இல்லாமல் அது கடைசியில் சொந்த வீட்டுக்குள்ளேயே வந்து சேர்ந்தது. பலராமன் போனது அதற்கு இரண்டு வருஷம் முன்னால், எல்லையில் ரோந்து போனபோது. ஊரே சாலையில் நின்றது. கலெக்டர் வந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக நின்று பூப்போட்டார்கள். கோபிநாதனும் லீவு போட்டு வந்து, அண்ணன் பெட்டிக்கு முன்னால் நடந்துபோனார், அன்றைக்கு ராத்திரி மொட்டைமாடியில் அவளிடம், “செத்தா இப்படிச் சாகணும் தமா” என்றார். அவள் அவர் வாயைப் பொத்தினாள். பொத்தியதற்காக இப்போது அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. அவர் ஆசைப்பட்டது சாவுக்கு இல்லை, அந்தச் சாலைக்கு.

செண்பகமாவது கொஞ்சம் அலட்டிக்கொள்கிறவளாக இருந்திருக்கலாம். அலட்டினால் வெறுத்துத் தீர்க்கலாம், ஊரும் இவள் பக்கம் பேசும். அவளோ குடியரசு தினத்துக்கு மேடையில் போட்ட சால்வையைக் கொண்டுவந்து, “எனக்கு எதுக்குடி இத்தன, நீ போத்திக்க” என்று கொடுப்பாள். தமயந்தி வாங்கி அலமாரியில் அடியில் வைப்பாள். ஆறு சால்வை சேர்ந்துவிட்டது. ஒரு சால்வையைப் போர்த்திக்கொண்டு கண்ணாடி முன் நின்று பார்த்ததையும் சொல்லிவிட வேண்டும், கதவைத் தாழ் போட்டுவிட்டுத்தான் நின்றாள். அக்கா அழுதாலும் அழகாக அழுவாள், வருஷத்தில் ஒரு நாள், போட்டோவுக்கு முன்னால், நாலு பேர் தோளைத் தொட்டுத் தேற்றுகிற மாதிரி. தமயந்தி அழுதால் மாத்திரை எண்ணுகிற இடத்தில் அழுவாள், யாராவது வந்து ஜன்னலைத் தட்டுவார்கள். ஆனால் அந்த மூன்று வருஷம் மட்டும் வேறு மாதிரி இருந்தது. பிடித்த வரி ரீஃபண்டாகத் திரும்பி பேங்கில் ஏறியிருக்கிறதைப் பாஸ்புக்கில் பார்த்தபோதெல்லாம் அவளுக்குள் ஒரு குஷி. பணத்துக்கு இல்லை. செண்பகத்திடமிருந்து ஒன்றை எடுத்துவிட்டோம், அவளுக்குத் தெரியாமல் எடுத்துவிட்டோம், அவளுக்கு உள்ள அதே கட்டத்தில் நமக்கும் ஒரு டிக் விழுந்திருக்கிறது என்கிற குஷி. பண்டிகைக்கு அக்கா பலகாரம் கொண்டுவந்து வைக்கும்போது, வை வை, உனக்கு ஒன்றும் தெரியாது என்று உள்ளே ஒரு குரல் சொல்லும். அந்த ரகசியம் இருந்ததால்தான் அந்தப் பலகாரம் தொண்டையில் இறங்கியது. இப்போது ஒருவேளை சங்கத்துக்குத் தெரிந்தால் கன்னியப்பன் சும்மா இருக்க மாட்டார், செண்பகத்திடம் சொல்வார். செண்பகம் என்ன செய்வாள்? ஒன்றும் செய்ய மாட்டாள், பார்ப்பாள். அபராதத்தைவிட அந்தப் பார்வைக்குத்தான் தமயந்தி பயந்தாள், நோட்டீஸ் வந்த நாளிலிருந்து வீட்டில் யாரிடமும் மூச்சு விடாமல், லீவுகூடச் சொந்த வேலை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

“மேடம், வாங்க” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. மெஹருன்னிசா கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டே, “பாஸ்வேர்ட் என்ன?” என்றாள். தமயந்திக்குத் தெரியாது, எல்லாம் கேம்ப்பில் போட்டது. “பரவால்ல, மறந்துட்டேன்னு போட்டா ஓடிபி வரும், புதுசா வச்சுக்கலாம்.” எதையோ அழுத்தினாள். “உங்க போனுக்கு வந்திருக்கும் பாருங்க.” வரவில்லை. போனைத் தூக்கி ஜன்னல் பக்கம் காட்டினாள், அப்போதும் வரவில்லை. “கடைசி ரெண்டு நம்பர் பதினாறுன்னு காட்டுதே, உங்களோடது இல்லையா?” பதினாறு. அது செண்பகத்தின் நம்பர். முதல் வருஷம் கேம்ப்புக்குப் போனபோது அவள் போன் தண்ணீர் வாளியில் விழுந்து ரிப்பேருக்குப் போயிருந்தது. நம்பர் கேட்ட கன்னியப்பன், சரி, செண்பகத்தோடதையே போட்டுடறேன், ஒரே வீடுதானே என்று தானே சொல்லி, தானே எழுதிக்கொண்டார். அந்த சல்யூட்டின் மயக்கத்தில் அவள் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அப்படியென்றால் மூன்று வருஷமாக அதில் என்னென்ன போயிருக்கும்? ஃபைல் ஆயிற்று என்று போயிருக்கும், ரீஃபண்ட் என்று போயிருக்கும், நோட்டீஸ் என்றும் போயிருக்கும். அக்காவுக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது, பார்த்திருக்க மாட்டாள், கம்பெனி மெசேஜ் என்று நினைத்து விட்டிருப்பாள். நினைத்திருப்பாள். நினைத்திருக்க வேண்டும். “என் ஓரகத்தியோடது, அவங்க வீட்டுக்காரர்தான் பட்டாளத்துல எல்லையில போனவர்,” என்றாள். “பத்து நிமிஷம்தான் மேடம் செல்லும், கூப்பிட்டுக் கேளுங்க” என்றாள் மெஹருன்னிசா.

“அக்கா, நான்தான். உங்க போனுக்கு ஒரு மெசேஜ் வந்திருக்கும், ஆறு நம்பர். அத கொஞ்சம் படிச்சிச் சொல்றீங்களா?” அந்தப் பக்கம் கோழி கத்துகிற சத்தம், செண்பகம் எதையோ விரட்டினாள். “வந்துகீதுடி. இரு, கண்ணாடிய எடுத்துக்கறேன்.” பிறகு பொறுமையாக, இரண்டிரண்டாக, முப்பத்தெட்டு, சைபர் நாலு, எழுபத்தொண்ணு என்று படித்தாள். தமயந்தி திருப்பிச் சொன்னாள், மெஹருன்னிசா அடித்தாள், திரை திறந்தது. அதோடு போனை வைத்திருக்கலாம். ஆனால் அக்கா எதற்கு என்று கேட்கவில்லை. எதையும் எதற்கு எதற்கு என்று கேட்கிறவள், தக்காளி வாங்கி வந்தால் எந்தக் கடை என்று கேட்கிறவள், இதைக் கேட்கவில்லை. அது முள்ளாகக் குத்தியது. “எதுக்குன்னு கேக்கலியே அக்கா,” என்றாள், சிரிக்கிற மாதிரி. “எதுக்குக் கேக்கணும்? அந்த நோட்டீஸுக்குத்தான போயிருக்கே. போன மாசமே மெசேஜ் வந்துச்சி.” தமயந்தி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “உங்களுக்கு எல்லாம் தெரியுமா?” “மொத வருஷம் பணம் வந்துச்சின்னு மெசேஜ் வந்தப்பவே தெரியும்டி. உனக்கு எப்டி வரும்னு எனக்குப் புரியல, சுபேதார் மாமாவக் கேட்டேன். அவர் வெள்ளந்தியா, ரெண்டு வீரமரணம் ஒரே வூட்லன்னு கண்ணு கலங்கிட்டாரு. நான் ஒண்ணும் சொல்லிக்கல.” “ஏன் சொல்லல? என்னையாவது கேட்டிருக்கலாமில்ல?” கோழிச் சத்தம் நின்றிருந்தது. செண்பகத்தின் குரல் எப்போதும்போல, சால்வையை நீட்டுகிற அதே குரலாக வந்தது. “கேட்டா நீ வெக்கப்படுவே. உனக்கு அது ஒண்ணாவது இருக்கட்டும்னு வுட்டுட்டேன். எனக்கு இன்னா கொறஞ்சிடப் போவுது அதுல?”

அவள் திட்டியிருந்தால் தேவலை. என் புருஷன் சாவையாடி திருடினே என்று கேட்டிருந்தால் தமயந்தி அழுதிருப்பாள், காலில்கூட விழுந்திருப்பாள், ஏழு வருஷத்தில் முதல் தடவையாக இரண்டு பேரும் சமமாக நின்றிருப்பார்கள், பறிகொடுத்தவளும் பறித்தவளுமாக. எனக்கு இன்னா கொறஞ்சிடப் போவுது. ஒன்றும் குறையாதுதான். கடலில் ஒரு சொம்பு எடுத்தவளை யார் திருடி என்பார்கள். மூன்று வருஷமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்தது திருட்டு இல்லை, போட்ட பிச்சை, பிச்சை போட்டவளுக்குத் தெரிந்தே போட்ட பிச்சை, வாங்கியவளுக்கு மட்டும்தான் தெரியவில்லை. பலகாரத்தைத் தின்றுகொண்டே உனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்தாளே, அப்போது எதிரே உட்கார்ந்து இவளையே பார்த்துக்கொண்டிருந்தாளே அக்கா, என்ன நினைத்திருப்பாள்? இன்னும் ரெண்டு வச்சுக்கடி என்றுதான் சொன்னாள். அந்த ஆறு சால்வையோடு இது ஏழாவது. தமயந்திக்கு முகமெல்லாம் தீயாகச் சுட்டது, போனை வைத்தாளா, அக்கா வைத்தாளா என்று தெரியவில்லை. நல்லவளாக இருப்பதைக்கூட இவளே எடுத்துக்கொண்டாளே, ஒன்றைக்கூட மிச்சம் வைக்க மாட்டாளா, மரியாதை அவளுக்கு, நிழற்குடை அவளுக்கு, சட்டம் அவளுக்கு, பெருந்தன்மையும் அவளுக்கா? மெஹருன்னிசா திரையை அவள் பக்கம் திருப்பினாள். டிராஃப்ட் தயாராக இருந்தது. சங்கத்தின் இலவச முகாமில், எனக்குத் தெரியாமல், தவறுதலாக இந்த விலக்கு கோரப்பட்டுவிட்டது என்று தமிழில் படித்துச் சொன்னாள். “சரியா மேடம்? அனுப்பிடட்டுமா?”

“இல்ல,” என்றாள் தமயந்தி. குரல் அவளுக்கே கொஞ்சம் அந்நியமாக இருந்தது. “எனக்குத் தெரியாமன்னு போடாதீங்க. சுபேதார் மேல தப்பில்ல. அவர் கேட்டார், ஆபரேஷன்ல போனவரான்னு. நான் ஆமான்னு சொன்னேன். பொய்னு தெரிஞ்சுதான் சொன்னேன். அதை அப்படியே எழுதுங்க.” மெஹருன்னிசா கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். “மேடம், நான் சொன்னது புரியலையா? தெரிஞ்சே பண்ணினேன்னு யாரும் எழுதிக் கொடுக்க மாட்டாங்க. ரெண்டு மடங்கு அபராதம் போட்டு தனியா ஒரு ஆர்டரே வரும்.” “யார் பேருக்கு வரும்?” “உங்க பேருக்குத்தான்.” “அதுல அவர் பேர் வருமா?” ஆடிட்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். “பென்ஷன் யாரால வருதுன்னு எழுதாம எப்படி? வரும். இன்னார், என்ன வேலை, எங்க, எப்படி இறந்தார், அதனால இந்த விலக்கு இல்லைன்னு பாரா பாராவா எழுதுவாங்க. எதுக்கு மேடம் உங்களுக்கு இதெல்லாம்? உங்க ஓரகத்தியப் பாருங்க, எவ்வளவு நிம்மதியா இருக்காங்க.” தமயந்தி அந்த வார்த்தையை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். பாரா பாராவாக. கோபிநாதன், ஜெனரேட்டர் மெக்கானிக், லாரி, பனி, சர்க்கார் கையெழுத்து, சர்க்கார் சீல். “இந்த மாதிரி ஆர்டர் அவங்களுக்கு வருமா?” என்று கேட்டாள். “அவங்களுக்கு எதுக்கு மேடம் வரப்போகுது? அவங்களுக்குத்தான் விலக்கு இருக்கே. அவங்க கேட்டாலும் வராது.” தமயந்தி நாற்காலியை மேஜைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“அப்ப எழுதுங்க,” என்றாள்.